ஃபியூஸ் அண்ணன் வாங்கிய பல்பு

"மின் பராமரிப்பாளர். அமைதியான சுபாவமும் ஆழ்ந்த பொறுமையும் உடையவர். தம்மிடம் ஒப்படைக்கப்படும் பொருள்களைப் பேணிக் காப்பவர். பணியின் தன்மை: உயிரற்ற பொருள்கள் தொடர்பானது."

எங்கள் அலுவலகக் கட்டடத்தின் மின் பராமரிப்பாளரைப் பற்றி அவருடைய பணிச் சான்று இப்படிச் சொல்கிறது. முதல் வாக்கியம் பதவி, அதில் பிழையில்லை. நடுவில் உள்ள இரண்டையும் எழுதிய எழுத்தர், காவலாளி முதல் கணக்கர் வரை எல்லோருக்கும் அதையேதான் எழுதுவார். மாற்றி எழுதினால் மேலே கேள்வி கேட்பார்கள் என்பது அவர் கவலை. கடைசி வாக்கியம் அச்சிலேயே வருவது.

அந்த மனிதருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ஃபியூஸ். வயதில் சிறியவர்கள் மரியாதையாக ஃபியூஸ் அண்ணன் என்பார்கள். பெயர்க் காரணம் சொல்லத் தேவையில்லை. பட்டென்று போய்விடுவார். லிப்ட் பொத்தானை அழுத்திவிட்டு அது வருவதற்குள் திட்டிக்கொண்டே படியேறுவார். லிப்டுக்கு முன்னால் மேலே போய்ச் சேர்ந்துவிட்டால் அன்று முழுக்க நல்ல மனநிலையில் இருப்பார். தேநீர் ஆறும்வரை காத்திருக்க மாட்டாமல் தினமும் நாக்கைச் சுட்டுக்கொள்வார். சுட்டதற்குத் தேநீர்க்காரரைத் திட்டுவார். வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவருடைய தொழில் சித்தாந்தம் மிகச் சுருக்கமானது: "எரியலையா? கழட்டு. மாத்து. அடுத்ததைப் பாரு."

சித்தாந்தத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுபோனதில்தான் சிக்கல்.

அவர் மனைவி தையல்காரர். வீட்டு முன்னறை ஜன்னலோரம் தையல் மெஷின். மெஷினுக்குக் கீழே, மிதிபலகைக்குப் பக்கத்தில், ஒரு தொட்டி. அதில் வாயில் நுழையாத பெயருள்ள ஏதோ ஒரு பூச்செடி இருந்தது. அந்த அம்மாள் ஆசைப்பட்டு வாங்கியது. ஒரு பருவம் பூத்துத் தள்ளிவிட்டு, பிறகு இலைகளெல்லாம் பழுத்து உதிர்ந்து, வெறும் மண்ணாகிவிட்டது. அப்போதுதான் அவர் தண்ணீரை நிறுத்திவிட்டு அதை அந்த இருட்டுக்குத் தள்ளியிருந்தார். நம் ஆள் ஒருநாள் வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பி, அதைக் குப்பையில் கொட்டிவிட்டார்.

"செத்துப் போனதை எதுக்கு வெச்சிருக்கே? அதான் கொட்டிட்டேன்."

"அது சாகலைங்க. தூங்குது. கிழங்கு உள்ள உசுரோட இருக்கும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"தூங்குதா? செடி தூங்குமா? நல்லா இருக்கே கதை!"

ஒரு தொட்டிக்காக யாராவது வீட்டை விட்டுப் போவார்களா? போக மாட்டார்கள். அந்த அம்மாளும் தொட்டிக்காகப் போகவில்லை. பல வருஷமாகக் கழற்றி மாற்றப்பட்ட பேச்சுகள், பாதியில் அணைக்கப்பட்ட வாக்கியங்கள், ஆறுவதற்குள் கொட்டப்பட்டவை எல்லாம் சேர்ந்து அந்தத் தொட்டியில் வந்து நின்றன. தங்கைக்குத் தையல் வேலை அதிகம், கொஞ்ச நாள் ஒத்தாசைக்குப் போகிறேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டும்போது கணவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னார்.

"உங்ககூட இருக்கறது கரண்டு கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கற மாதிரி இருக்கு. கொஞ்ச நாள் கைய எடுத்துப் பாக்கறேன். முடிஞ்சா அப்புறம் ஆளனுப்பி மெஷினை எடுத்துக்கறேன்."

மெஷின் போனால் ஆள் போனது மாதிரி என்பது அவருக்கும் தெரியும். பொறுமைசாலி இல்லையே தவிர, மக்கு அல்ல.

இந்த நிலையில்தான் அவர் பல்பு வாங்கினார். தமிழில் இந்த வார்த்தைக்கு உள்ள எல்லா அர்த்தத்திலும்.

எங்கள் மாடி நடைகூடத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. வழக்கமான கடையை மூடிவிட்டார்கள். ஸ்டோரைக் கவனிக்கும் அம்மாள் தன் கைபேசியில் தேடி, "பல்புக்காரர்னு ஒரு நம்பர் இருக்கு, நீங்களே பேசிடுங்க" என்று கொடுத்தார். அந்த அம்மாள் கைபேசியில் பல்புக்காரர் இரண்டு பேர் இருந்தார்கள் என்பதும், ஒருவர் தன் வீட்டுப் பால்கனிக்குப் பூங்கிழங்கு தரும் நர்சரிக்காரர் என்பதும் அந்த நேரத்தில் அவருக்கே நினைவில் இல்லை. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் பேச்சு எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

"பல்பு இருக்கா?"

"இருக்குங்க."

"சின்னது வேணாம். பெருசா இருக்கணும்."

"கைக்கு அடங்காதுங்க."

"எவ்வளவு நாள் வரும்?"

"ஒழுங்கா வெச்சுக்கிட்டா வருஷக்கணக்கா வரும்."

"அட, பரவாயில்லையே! சிவப்பா, வெள்ளையா?"

"ரெண்டும் இருக்கு."

"வெள்ளையே அனுப்பு. சிவப்புக்கு இதென்ன நாடகக் கொட்டகையா?"

பெட்டி வந்தது. மூடியைத் திறந்தால் மரத்தூளுக்குள் வரிசையாக, காகிதத் தோல் போர்த்திய பழுப்பு உருண்டைகள். ஒரு பக்கம் கத்தரித்த தாடி போலக் காய்ந்த வேர். இன்னொரு பக்கம் கூம்பு. ஃபியூஸ் அண்ணன் ஒன்றைக் கையில் எடுத்து எங்களைப் பார்த்தார்.

"இது என்ன வெங்காயம்?"

சிரிப்பு கீழ்த்தளம் வரை கேட்டது. லிப்ட்காரர் லிப்டை நிறுத்திவிட்டே வந்து பார்த்தார். "கரண்ட்காரருக்கே பல்பு குடுத்துட்டாங்களே! அண்ணே, இதுக்கு எத்தனை வாட்?"

ஸ்டோர் அம்மாள் முகத்தை மூடிக்கொண்டு, "ஐயோ, அது அமரில்லிஸ். பூச்செடிங்க. யாரும் சமைச்சுத் தின்னுடாதீங்க, விஷம்!" என்றார். தவறு பாதி தன்னுடையது என்பதால் பெட்டியில் பெரும்பங்கைத் தானே எடுத்துக்கொண்டார். ஆளுக்கொன்றாக மற்றவர்களும் எடுத்தோம். கடைசியாக மிஞ்சியது ஒன்று. அதை அவர் ஜன்னல் வழியாக வீசுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் அதைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

காரணம், இரக்கம் அல்ல. சித்தாந்தம். வீட்டில் ஒரு செடி போயிற்று, இதோ இன்னொன்று. கழட்டு, மாத்து. மனைவி திரும்பி வந்து பார்த்தால் அதே இடத்தில் பூவோடு ஒரு தொட்டி இருக்கும். பழுது நீங்கியது.

அன்றே நட்டார். பழைய தொட்டி காலியாக இருந்தது. மண் போட்டு, நடுவில் குழி எடுத்து, பல்பை வைத்தார். எப்படி வைப்பது என்று யோசிக்கக்கூட இல்லை. வாழ்நாள் முழுக்கப் பல்பு மாட்டியவருக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா? ஹோல்டர் பக்கம் மேலே, உருண்டைப் பக்கம் கீழே. வேர்த்தாடி கூரையைப் பார்க்க, கூம்பு பாதாளத்தைப் பார்க்க, அழகாக மூடிச் சமன் செய்தார்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒரு தயக்கம். தண்ணீரும் கரண்டும் சேரக் கூடாது என்பது அவர் ரத்தத்தில் ஊறியது. பல்பு என்று பெயர் வைத்த ஒன்றின் தலையில் குவளை குவளையாகக் கொட்ட அவருக்குக் கை வரவில்லை. மண் நன்றாக உலர்ந்த பிறகு, ஓரமாக ஒரு கரண்டி விடுவார். எங்களில் மற்றவர்கள் கிழங்கின் மேல் வைத்த பாசத்தில் தினம் குளிப்பாட்டினோம். எங்களுடையவை அழுகிப் போயின. தொழில் அவரைத் தலைகீழாக நட வைத்தது. அதே தொழில்தான் கிழங்கை அழுகாமல் காப்பாற்றியது.

வாரங்கள் ஓடின. மண் மண்ணாகவே இருந்தது. ஸ்டோர் அம்மாள் பால்கனியில் முளைவிட்டுத் தண்டும் வந்துவிட்டது என்று செய்தி வந்தது. லிப்ட்காரர் தினமும் விசாரிப்பார்: "அண்ணே, சுவிட்ச் போட்டீங்களா?"

ஒரு சாயங்காலம் ஃபியூஸ் போய்விட்டது. தொட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக் குப்பைத் தொட்டிக்கு நடந்தார். கவிழ்த்துத் தட்டினார். மண்கட்டி அப்படியே வழுக்கி விழுந்து இரண்டாகப் பிளந்தது.

அப்போது பார்த்ததை அவர் மறுநாள் எங்களிடம் சொன்னபோது குரலை மிகவும் தாழ்த்திக்கொண்டார். அவர் அப்படிப் பேசியதை அதற்கு முன் நாங்கள் கேட்டதில்லை.

கூம்பின் நுனியிலிருந்து ஒரு முளை வந்திருந்தது. விரல் தடிமன், பால் வெள்ளை. அது முதலில் கீழே போயிருக்கிறது. கொஞ்ச தூரம் போனதும் சந்தேகப்பட்டிருக்கிறது. பிறகு வளைந்து, கிழங்கின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, சுற்றி, மேலே ஏறிக்கொண்டிருந்தது. மேலேயிருந்த வேர்களும் சும்மா இருக்கவில்லை. அவை பக்கவாட்டில் பிரிந்து கீழே இறங்கியிருந்தன. முளை மண்ணின் மேற்பரப்பை எட்ட இன்னும் ஒரு கட்டைவிரல் தூரம்தான் பாக்கி.

"உள்ள கும்மிருட்டு சார். ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. மேல எது, கீழ எதுன்னு அதுக்கு யார் சொன்னா? வயர் இல்ல, சப்ளை இல்ல. நான் தலைகீழா மாட்டினதை அது சத்தமே போடாம சரி பண்ணிக்கிட்டு இருந்திருக்கு. நான் என்னடான்னா அது மேல கத்திக்கிட்டு இருந்திருக்கேன்."

தெருமுனையில் குப்பைத் தொட்டியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த வழியாகப் போனவர்கள் எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். பிறகு சட்டையைக் கழற்றி, கிழங்கை மண்ணோடு அள்ளிக் கட்டி, பனியனோடு வீட்டுக்கு நடந்தார். நர்சரிக்காரருக்குப் போன் போட்டார்.

"எப்படி நட்டீங்க?" என்று கேட்டார் நர்சரிக்காரர்.

"பல்பு எப்படி மாட்டுவோமோ அப்படித்தான்."

"பல்பு எப்படி மாட்டுவீங்க?"

"ஹோல்டர் மேல, பல்பு கீழ."

மறுமுனையில் நீளமாக ஓர் இருமல் கேட்டது. சிரிப்பை அடக்குகிறார் என்று புரிந்தது. புரிந்தும் நம் ஆள் கோபப்படவில்லை. அதை அவரே வியப்போடு குறிப்பிட்டார்.

"அண்ணே, கூம்பு மேல வரணும். கழுத்து மண்ணுக்கு வெளிய தெரியணும். இப்ப நேரா திருப்பி வெச்சுடுங்க."

"திருப்பினா இப்ப மேல வர்ற முளை மறுபடியும் கீழ போயிடுமேய்யா! பாவம், அது பட்டதெல்லாம் வீணா?"

"மறுபடி வளைஞ்சு வரும்ண்ணே. அதுக்கு அலுப்பே கிடையாது."

அவருக்கு மனம் ஒப்பவில்லை. கடைசியில் மின் பணியாளருக்கே உரிய சமரசம் ஒன்று செய்தார்: கிழங்கை நேராகவும் வைக்காமல், தலைகீழாகவும் வைக்காமல், பக்கவாட்டில் படுக்க வைத்தார். ஆளுக்குப் பாதி. தன் பாதியைக் கிழங்கு செய்துமுடித்தது. சில நாளில் முளை வெளியே வந்தது, குழாய் மூட்டு மாதிரி ஒரு முழங்கையோடு. வெள்ளையாக வந்தது, வெளிச்சம் பட்டதும் நுனியிலிருந்து பச்சையேறியது. அவர் தொட்டியை ஜன்னலோரம், மெஷின் பலகையின் மேல் வைத்தார். தண்டு ஜன்னலைப் பார்த்துச் சாய்ந்தது. ஸ்டோர் அம்மாள் சொன்னபடி தொட்டியைத் திருப்பினார். அடுத்த நாள் அது மறுபடி ஜன்னலைப் பார்த்தது. வேண்டிய இடத்துக்கெல்லாம் வெளிச்சத்தை இழுத்துக் கொண்டுபோனவர் அவர். வெளிச்சம் இருக்கும் இடத்துக்குத் தானே போகும் ஒன்றை இவ்வளவு கிட்டத்தில் அவர் பார்த்ததில்லை. தினமும் திருப்பினார். தண்டு கனம் தாங்காமல் ஆடியபோது வயரிங் குழாய்த் துண்டு ஒன்றை ஊன்றி, மனைவி வெட்டிப் போட்ட துணித் துண்டுகளிலிருந்து ஒரு நாடாவை எடுத்து, இறுக்காமல் கட்டினார். தேநீரைக்கூட ஆறிய பிறகே குடித்தார், பார்த்துக்கொண்டிருந்ததில் மறந்துபோய்.

மொட்டின் உறை பிரிந்தது. உள்ளே நான்கு. முதலாவது விரிந்த நாளில் அவர் அலுவலகத்துக்குத் தாமதமாக வந்தார். எல்லாம் விரிந்ததும் நான்கு திசைக்கு நான்கு, ஒவ்வொன்றும் ஒரு ஒலிபெருக்கிக் குழாய் அளவு. வெள்ளை கேட்டிருந்தார், வந்தது ரத்தச் சிவப்பு.

"பூக்கற வரைக்கும் அது எங்களுக்கே தெரியாதுண்ணே" என்றார் நர்சரிக்காரர். வியாபாரத்தில் இது மோசமான பதில். ஆனால் நம் ஆளுக்கு அது நியாயமாகப் பட்டது.

மனைவிக்குப் போன் போட்டார். எங்களிடம் சொன்னதுபோல அவரிடமும் முதலில் தவறைத்தான் சொன்னார். "நான் தலைகீழா நட்டுட்டேன்" என்று அவர் ஆரம்பித்ததும் அந்த அம்மாள், "யாரு பேசறது?" என்று கேட்டாராம். கதை முழுவதையும் கேட்டார். சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் இவர், "வந்து பாரேன், பூத்திருக்கு" என்றார்.

"பூத்திருக்கறதை யார் வேணாலும் வெச்சிருப்பாங்க. காய்ஞ்ச பிறகு சொல்லுங்க."

வேறு யாரிடம் காட்டுவது? மறுநாள் தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். லிப்ட்காரர் கிண்டலுக்கு வாயைத் திறந்தார். பூவைப் பார்த்ததும் வாயை அப்படியே விட்டுவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஃபியூஸ் அண்ணன் முதல்முறையாக லிப்டுக்குக் காத்திருந்து அதில் ஏறி வந்தார். புது விளக்குக்கான கோப்பு நகராததால் இன்னும் பாதி இருட்டாயிருந்த நடைகூடத்தில், எந்த விளக்குக்காக அந்தப் பெட்டி வந்ததோ அந்த விளக்கின் கீழே, ஒரு முக்காலியில் தொட்டியை வைத்தார். வளைந்த தண்டு, வயரிங் குழாய், நாடா, அதற்கு மேலே அந்தச் சிவப்பு. கோப்போடு போனவர்கள் கோப்போடு நின்றார்கள். எங்கள் வீடுகளில் அழுகிப்போன கிழங்குகள் எங்கள் நினைவுக்கு வந்தன. யாரும் பேசவில்லை. எங்கள் அலுவலகத்தில் யாரும் பேசாமல் இருந்ததே அதிசயந்தான். பூ அதற்கு அடுத்தபடி.

பூ வாடியது. நர்சரிக்காரர் சொன்னபடி தண்டை அடியில் வெட்டினார். வெட்டிய தண்டை எங்களிடம் கொண்டுவந்து கண்ணில் வைத்து மறுபக்கம் பார்த்தார். உள்ளே முழுக்கக் காலி. "வெறும் பைப்பு சார். இவ்வளவு பெரிய பூவுக்கு சப்ளை எந்த வழியா போச்சு?" எங்களில் பட்டம் பெற்றவர்கள் அந்தக் குழாயின் சுவருக்குள்ளேயே போகும் என்று விளக்கினோம். அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் அவருடைய வியப்பு குறையவில்லை. விளக்கிய பிறகு எங்களுடையது கூடிவிட்டது என்பதே உண்மை.

பின்பு இலைகள் வந்தன, நீளமாக, பட்டையாக. மாதக்கணக்கில் அவற்றுக்கு வெயில் காட்டினார். நர்சரிக்காரர் சொன்ன உரத்தைக் கரைத்து ஊற்றினார். அதற்குப் பிறகு நர்சரிக்காரர் தண்ணீரை நிறுத்தச் சொன்னார்.

"இலை பச்சையா இருக்கேய்யா. தண்ணிய நிறுத்துன்னா கொலை பண்ற மாதிரி இருக்கே!"

"தூங்க விடுங்கண்ணே. தூங்கினாத்தான் அடுத்த பூ."

தூங்கும் என்ற வார்த்தையை அவர் ஏற்கனவே ஒருமுறை கேட்டிருந்தார். போனை வைத்துவிட்டுத் தண்ணீர் விடும் கரண்டியை எடுத்து உள்ளே வைத்தாராம்.

இலைகள் பழுத்தன, சுருண்டன, உதிர்ந்தன. மிஞ்சியது காய்ந்த மண்ணும், அதிலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு பழுப்புக் கழுத்தும். அதைத் தையல் மெஷினுக்கு அடியில், மிதிபலகைக்குப் பக்கத்தில், பழைய செடி தூங்கிய அதே இருட்டில் வைத்தார். பூக்கும் காலத்தில் பார்த்துக்கொண்டதை நாங்கள் பெரிதாகச் சொல்ல மாட்டோம். அழகாக இருப்பதைப் பார்த்துக்கொள்ள யாருக்கும் கை தானாக வரும். இது வேறு. பார்க்க ஒன்றுமில்லாத ஒன்றை, தண்ணீர்கூட விட அனுமதியில்லாமல், தினமும் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்வது. மனைவிக்குப் போன் செய்து, காய்ந்துவிட்டது என்று சொல்லலாமே என்றோம். "சொன்னா சீக்கிரம் வான்னு அவசரப்படுத்தற மாதிரி ஆயிடும்" என்றார். இதைச் சொன்னது ஃபியூஸ் அண்ணன் என்பதை நாங்கள் ஒருவருக்கொருவர் உறுதிசெய்துகொண்டோம்.

போன் அந்தப் பக்கமிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருவதாக. மெஷினை எடுக்க.

வந்தார். வண்டிக்காரர் உள்ளே வந்து மெஷினை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டு, கீழே கிடந்த தொட்டியைக் காலால் நகர்த்தப் போனார்.

"இந்தக் குப்பையையும் ஏத்தணுமா, இல்ல வெளிய போட்டுடவா?"

அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார். இவர் கத்தவில்லை. குனிந்து, தொட்டியை இரண்டு கையாலும் எடுத்து, வண்டிக்காரரின் கால் எட்டாத தூரத்தில் வைத்தார்.

"குப்பை இல்லப்பா. தூங்குது."

அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்தார். பழுப்புக் கழுத்தைத் தொட்டார். பிறகு விரலை மண்ணுக்குள் விட்டு, கிழங்கின் தோளை மெல்ல அமுக்கிப் பார்த்தார். துணியின் தரத்தைத் தொட்டே சொல்லும் விரல்கள்.

"கெட்டியா இருக்கு."

"ம்."

"எவ்வளவு நாளா இப்படிக் கிடக்கு?"

"ரொம்ப நாளா."

"ஏன் சொல்லல?"

அவர் தொட்டியின் விளிம்பில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார். அந்த அம்மாள் கேட்டார்: "எப்ப தண்ணி விடணும்?"

"நர்சரிக்காரன் இன்னும் சொல்லல."

வண்டிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "அம்மா, மெஷினை ஏத்தவா?"

"இப்ப மெஷினை எடுத்தா இது மேல வெளிச்சம் படும்" என்றார் அந்த அம்மாள். "தூக்கம் கெட்டுடும். இருக்கட்டும், நீங்க போங்க."

தொட்டியை நிழலில் வேறு எங்கும் வைத்திருக்கலாம். அந்த வீட்டில் நிழலுக்குப் பஞ்சமில்லை. வண்டி காலியாகத் திரும்பிப் போனது. அந்த அம்மாள் போகவில்லை.

ஃபியூஸ் அண்ணன் மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். நேற்றுகூட நாக்கைச் சுட்டுக்கொண்டு தேநீர்க்காரரைத் திட்டினார். சான்றில் உள்ள அந்த வாக்கியங்கள் இப்போதும் பொய்தான். எழுத்தர் இப்போதும் எல்லோருக்கும் அதையே எழுதுகிறார்.

அவர் செய்தது இவ்வளவுதான்: ஒரு கிழங்கைத் தலைகீழாக நட்டார். தெரிந்ததும் எடுத்துத் திரும்ப நட்டார். அது காய்ந்து கிடந்த மாதங்களில் அதைத் தூக்கி எறியவில்லை.